சாளரத்தில் நான் நிற்கவில்லை

பாட்டுக்காரரே, உடுக்கையைக் கொஞ்சம் கீழே வையும்.
மாடிச் சாளரத்தில் நான் நின்றதாக
மூன்று ஊர்த் திருவிழாவில் பாடிவிட்டீர்.
எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.
சாளரம் இருந்தது, இரண்டாங்கட்டில்,
புளி காயும் முற்றத்தைப் பார்த்து.
அதில் எந்த வீரனும் தெரியமாட்டான்.

உண்ணாமலை என்ற பெயர் சரி.
கொடியிடை, அன்னநடை,
இருக்கட்டும், மெட்டுக்கு வேண்டியிருக்கும்.
எழுத்தாணி அழுத்தி அழுத்தி
இடது கட்டைவிரலில் விழுந்த பள்ளத்தை
ஏன் விட்டீர்?

அப்பச்சி உப்பு ஏற்றித் தஞ்சைச் சீமைக்குப் போனால்
வர ஆறு மாதம். கணக்கு என் கையில்.
மழை பொய்த்த வருடம் ஓர் ஓலையில் கண்டேன்:
சடையன் வாங்கிய இரண்டு மரக்கால் வரகு
மூன்று இடத்தில் மூன்று பெயரில்
வட்டி போட்டு, குட்டி போட்டு, வளர்ந்திருந்தது.
அவன் நிலம் எங்கள் நிலமாகி
அவன் மகள் எங்கள் தொழுவத்தில் சாணி அள்ளினாள்.
அப்பச்சியின் கையெழுத்துதான்.
முத்து முத்தாக இருந்தது.

சேவுகன் பௌர்ணமியில் வரவில்லை.
உச்சி வெயிலில், கொல்லைப்புறமாக,
விறகு விற்கிறவனாக வந்தான்.
மீசையை நான் பார்க்கவில்லை.
காலில் முள் தைத்துச் சீழ் வைத்திருந்தது, அதைப் பார்த்தேன்.
"எந்த வண்டியில் நெல் போகிறது?" என்றான்.
"முந்தாநாள் நீ அடித்தது யார் வண்டி?"
"செட்டி வண்டி."
"தாலியறுத்த சிகப்பியின் வண்டி.
இன்றைக்கு அவள் வீட்டில் உலை ஏறவில்லை."
விறகுக் கட்டை அவன் இறக்கவுமில்லை, போகவுமில்லை.

அன்றிலிருந்து நுகத்தடியில் வேப்பங்கொத்து.
இருந்தால் எடு. இல்லாவிட்டால் வழிவிடு.
நீர் அதைத்தான் மல்லிகைச் சரமாக்கினீர்.
எடுத்ததில் எந்தக் குடிசைக்கு எத்தனை படி,
அதுவும் என் கணக்கு.
ஒருமுறை அரை மூட்டையை அமுக்கிக்கொண்டான்.
அடுத்த இருபது நாள் கொத்தே கட்டவில்லை.
பட்டினி கிடந்து திருந்தினான் உங்கள் நாயகன்.

திருமயம் மலையடியில் பிடித்தார்கள்.
குறி வைத்தது யாரென்று கேட்டு
நகக்கண்ணில் ஊசி ஏற்றியும் வாய் திறக்கவில்லை.
இது உம் பாட்டில் அப்படியே இருக்கிறது.
அதற்கடுத்த அடியைத்தான் காணோம்.

நான் சபைக்குப் போனேன்.
பட்டப்பகலில், நடந்து,
பேரேட்டுக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
"குறி என்னுடையது" என்றேன்.
ஓலையை விரிக்குமுன் சிரித்துவிட்டார்கள்.
கோயில் வரிக்கு எங்களைத் தனிப்புள்ளியாக
எண்ணுவதில்லை அல்லவா,
குற்றத்துக்கும் எண்ணவில்லை.
"பெண்ணுக்கு ஆசை முற்றிவிட்டது" என்றார் ஒருவர்,
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.
அந்த ஒரு வார்த்தை
அவனைக் கழுவில் ஏற்றியது,
என்னை வீட்டுக்கு அனுப்பியது,
உமக்கு ஒரு பாட்டைக் கொடுத்தது.

ஆசை இருந்ததா என்கிறீர்.
கேட்கலாம்.
அந்த முள்ளை நான்தான் எடுத்தேன்.
ஊசி தொடுமுன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டான்,
ஏழு ஊர் நடுங்கிய ஆள்.
இதைப் பாடாதீர்.

கடைசிச் சரணத்தில் என்னை ஊருணியில் இறக்கிவிட்டீர்.
அந்த வருடம் தண்ணீர் முழங்கால் மட்டும்தான்.
குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாளை விடியுமுன் எட்டு வண்டி கிளம்புகிறது.
கொல்லை வேம்பு தளிர்விட்டிருக்கிறது.
புதருக்குள் இருப்பவன் யாரென்று தெரியாது,
நேற்று தும்மியது மட்டும் கேட்டது.
சிறுபிள்ளைத் தும்மல்.

சரி, உடுக்கையை எடுத்துக்கொள்ளும்.
சாவடியைத் தாண்டும்போது சத்தமாகவே பாடும்,
அந்த மாடிப் பாட்டை.
காவல்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.